ஒரு விரல் இடைவெளி

சலேத் மேரிக்கு நடந்தது அநியாயம். அதைவிட நயமான சொல்லைத் தேட டெல்ஃபினுக்கு விருப்பமில்லை. குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் சாயந்தரம், பெரிய வெள்ளிக்கிழமைப் புலம்பலுக்கான ஒத்திகையில், பாடகர் குழு முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கஸ்பார் மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "ஐஸ் கம்பெனியில நின்னு நின்னு நெஞ்சு விறைச்சுப் போச்சு போலிருக்கே. ஒரு வரிக்கு மூச்சு தாங்கலைன்னா தனிக்குரல் எதுக்கும்மா? பின்னால போயி நில்லு" என்று சொல்லி, சலேத் அக்காவை முன்வரிசையிலிருந்து கிளப்பிப் பின்னால் அனுப்பிவிட்டு, அந்த வரியைச் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்த தன் அண்ணன் மகள் பிரிசில்லாவுக்குக் கொடுத்தார். அக்கா செய்த குற்றம் என்ன? "எங்கள் ஞானமெல்லாம் மண்ணோடு மண்ணாயிற்று ஆண்டவரே" என்ற வரியில், "எங்கள் ஞான" என்று பாடி நிறுத்தி, மூச்சு வாங்கி, "மெல்லாம்" என்று தொடர்ந்தாள். மூன்று தடவையும் அதே இடத்தில். முதல் தடவை மாஸ்டர் சிரித்தார். இரண்டாம் தடவை தானே பாடிக் காட்டினார். மூன்றாம் தடவை ஐஸ் கம்பெனி. மீன் பதப்படுத்தும் கம்பெனியில் காலை ஏழு மணியிலிருந்து நாலரை வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறால் உரிக்கிறவள், வேலை முடிந்த கையோடு குளித்து, மஞ்சள் சேலை மாற்றி, பஸ் பிடித்து ஒத்திகைக்கு வந்தவள், கையிலிருந்த தாளை நாலாக மடித்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல், பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து பின்வரிசைக்குப் போனாள். முப்பது பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. டெல்ஃபின் திறந்தாள். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் இரண்டு நாளாக எங்கோ ஒரு முள் தட்டுகிறது, ஏன் என்றுதான் தெரியவில்லை.

இப்போது புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி. மாடி அறையில் மின்விசிறி வெக்கையைக் கிண்டிக்கொண்டிருக்கிறது, மடிக்கணினி தொடையைச் சுடுகிறது, திரையில் அந்த வரி நாலு கோட்டின் மேல் உட்கார்ந்து அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது. பல் என்றால் விழுந்து விழுந்து எஞ்சிய பல். இந்தப் பாட்டுக்குத் தாளம் கிடையாது, காம்பு வைத்த நோட்ஸ் கிடையாது, கறுப்புப் புள்ளிகள் மட்டும்தான், ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஒரு அசை. எல்லாப் புள்ளியும் ஏறக்குறைய ஒரே நீளம் பாட வேண்டியவை, ஆகவே எல்லாம் ஒரே தூரத்தில் நிற்க வேண்டியவை. நிற்கின்றனவா? "ஆண்டவரே" என்ற இடத்தில் ட, வ, ரே மூன்றும் பஸ்ஸில் ஏறுகிற கூட்டம்போல் ஒன்றையொன்று இடிக்கின்றன. "மண்ணோடு" என்ற இடத்தில் ஆளுக்கொரு பெஞ்சில் படுத்துத் தூங்குகின்றன. நேற்று ராத்திரி மாஸ்டர் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார், மனுஷனுக்குக் கூச்சம் என்பதே இல்லை: "டெல்ஃபின், இரண்டாம் வரியில் புள்ளிகள் சரியாக இல்லை. பிரிசில்லாவுக்குப் பாட வசதியாக இல்லை. நாளை ஆறு மணிக்குள் திருத்தி நாற்பது பிரதி கொண்டு வரவும்." பிரிசில்லாவுக்கு வசதியாக இல்லையாம். மகாராணிக்கு மெத்தை உறுத்துகிறதாம். செய்ய மாட்டேன் என்று பதில் எழுதி, அழித்து, சரி மாஸ்டர் என்று எழுதி, அதையும் அழித்து, கடைசியில் ஒரு கட்டைவிரலை அனுப்பினாள், அந்தக் கட்டைவிரலுக்காகவும் தன்மேல் கோபப்பட்டாள். நாளை மறுநாள் பெரிய வெள்ளி. இன்றைக்குக் கடைசி ஒத்திகை. இன்று ஆறு மணிக்குத் தனிக்குரல் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சிலுவையின் முன்னால் பாடப்போவது, அதற்கப்புறம் யார் என்ன நியாயம் பேசினாலும் அது அடுத்த வருஷத்துக் கதை. சலேத் அக்கா வேம்பாரிலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருஷம். மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒரு வரி கிடைத்தது. தவக்காலம் பூராவும் இறால் தோலை உரித்துக்கொண்டே அந்த வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தாளாம், பக்கத்து மேசைப் பெண்கள் "ஏட்டி, இறாலுக்காட்டி ஒப்பாரி வைக்குத?" என்று கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது அக்கா சிரித்த சிரிப்பு.

பாட்டுத்தாள் அமைக்கிற இந்த மென்பொருளில் புள்ளியைப் பிடித்து இழுத்து நகர்த்த முடியாது. சுரத்துக்கு ஒரு குறி, அசைக்கு அசை என்று வரிசையாக எழுதிக் கொடுத்து ஓடவிட்டால் அது தானே கோடு போட்டு, புள்ளி வைத்து, பக்கமாக்கித் தரும். தருவதை வாங்கிக்கொள்ள வேண்டும், பிடிக்காவிட்டால் எழுதினதை மாற்றி மறுபடி ஓடவிட வேண்டும். காலையிலிருந்து பதினேழு தடவை ஓடவிட்டாயிற்று. புள்ளிகளுக்குச் சம தூரம் என்று கட்டளை கொடுத்தால் புள்ளிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையாக நிற்கின்றன, கீழே எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதித்து, "மண்ணோடு" என்பது கரப்பான்பூச்சி மாதிரி இருக்கிறது. எழுத்தைச் சின்னதாக்கினால் இடம் சரியாகிறது, ஆனால் ஆண்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. எல்லாவற்றையும் அகலமாக்கினால் இரண்டு பக்கம் நாலு பக்கமாகிறது, பாடிக்கொண்டே தாளைத் திருப்ப வேண்டும், முப்பது தாள் ஒரே நேரத்தில் திரும்பினால் கோயிலே சரசரக்கும். குற்றவாளி யாரென்று டெல்ஃபினுக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது. மென்பொருளை எழுதியவர்கள். அவர்கள் ஊரில் அசை என்றால் இரண்டு மூன்று எழுத்து, ஒல்லியாக, ஒரு புள்ளிக்கடியில் ஒடுங்கி உட்கார்ந்துகொள்ளும். "ணோ" மாதிரி முன்னால் ஒரு கொம்பு பின்னால் ஒரு கால் வைத்துக்கொண்டு கையைக் காலை விரித்து உட்காருகிற எழுத்தை அவர்கள் கனவில்கூடப் பார்த்ததில்லை. எழுத்து அகலமானால் புள்ளியை நெட்டித் தள்ளுகிறது. தள்ளட்டும், ஆனால் தள்ளுவதற்கு ஒரு நியாயம் வேண்டாமா, தடித்த எழுத்துக்கு மட்டும் இடம், ஒல்லி எழுத்துக்கு நெரிசலா? அந்த மென்பொருளைப் புழங்குகிறவர்கள் கூடும் இணைய மன்றத்தில் ஒரு மணிக்கே எழுதிப் போட்டுவிட்டாள், ஆறு பத்தி, முதல் பத்தியில் கேள்வி, மிச்சம் ஐந்திலும் வாதம். உங்கள் நிரல் எங்கள் மொழியை ஒரு விபத்தாகப் பார்க்கிறது என்று ஒரு வாக்கியம், அதை அவளே மூன்று தடவை திரும்பப் படித்தாள், நன்றாகத்தான் இருந்தது. பல்கலைக்கழகத்தில் போன வருஷம், விடுதிப் பெண்கள் எட்டரைக்குள் வர வேண்டும் என்ற சுற்றறிக்கைக்கு எதிராக அவள் பேசியபோது பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரே, அந்த மாதிரி வாக்கியம். கழற்றித் துடைத்தார், சுற்றறிக்கையை மாற்றவில்லை. அது வேறு விஷயம்.

அம்மா மோர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தாள். "இன்னும் முடியலியா? கோயிலுக்குள்ள பேச்சுப்போட்டி நடத்தினவளுக்கு இந்தப் புள்ளிய நேராக்க முடியலியாக்கும்?" டெல்ஃபின் மோரைத் தள்ளி வைத்தாள். அம்மா போகிறவள் வாசலில் நின்றாள். "நீ பேசாம இருந்திருந்தா அது மாஸ்டர் சொன்னதோட போயிருக்கும். நீ பேசினதுலதான் அந்தப் பிள்ளைக்கு மூச்சு இல்லைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு." படியிறங்கிப் போய்விட்டாள். இதுதான் இந்த ஊர், தப்பு செய்தவனை விட்டுவிடுவார்கள், தட்டிக்கேட்டவளிடம்தான் கணக்குக் கேட்பார்கள். மூச்சு இல்லை என்று நானா சொன்னேன்? மாஸ்டர் சொன்னார். நான் என்ன சொன்னேன்? திங்கட்கிழமை எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது, பெஞ்சின் விளிம்பு முழங்கால் பின்னால் இடித்தது ஞாபகம் இருக்கிறது, தன் குரல் பீடம்வரை போய்த் திரும்பிவந்தது ஞாபகம் இருக்கிறது, அது நன்றாகவும் இருந்தது, அந்த எதிரொலி. "மாஸ்டர், நீங்க சொன்னது ரொம்பத் தப்பு. ஒருத்தங்க செய்ற வேலைய வச்சுக் கேலி பண்றதுக்கு நமக்கு உரிமை கிடையாது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் குளிர்ல நின்னா யாருக்குத்தான் மூச்சு குறையாது? அதுக்கு அவங்களா பொறுப்பு? அந்தக் கம்பெனில்ல பொறுப்பு?" இதில் என்ன பிழை? வேலைக்கு மரியாதை, சரி. பொறுப்பு யாருடையது, சரி. யாருக்குத்தான் மூச்சு குறையாது. அங்கே ஒரு முள். யாருக்குத்தான் மூச்சு குறையாது என்றால் என்ன பொருள், குறைந்திருக்கிறது என்று பொருள். வாதத்தில் இதற்கு என்ன பெயர் என்று முதலாண்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எதிராளி சொன்னதை ஒப்புக்கொண்டு அதற்குமேல் கட்டடம் கட்டுவது. அவர் மூச்சில்லை என்றார், நான் ஆமாம் மூச்சில்லை, பாவம், என்றேன். ஆனால் அக்கா நிறுத்தினாள்தானே, மூன்று தடவை, எல்லாரும் கேட்டார்கள், நானும் கேட்டேன், கண்ணால் கண்டதை ஒப்புக்கொள்ளாமல் எப்படி வாதாடுவது? ஒத்திகை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா பக்கத்தில் போய் நின்றேன். ஒரு நன்றி எதிர்பார்த்தா போனேன்? இல்லை. சரி, கொஞ்சம் எதிர்பார்த்தேன். அக்கா செருப்பு வாரை மாட்டிக்கொண்டே இருந்தாள், அவ்வளவு நேரம் மாட்ட அந்தச் செருப்பில் வாரே கிடையாது. "வாரேன் டெல்ஃபி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மூன்று மாதத்துக்கு முன் மார்கழியில் வீட்டுக்கு வந்து பேச்சியம்மன் கோயில் பக்கத்துக் கடை அல்வாவைப் பொட்டலமாகக் கொடுத்து, "உன்னய மாதிரி பேச எனக்கும் சொல்லிக்குடேன்" என்றவள்.

மன்றத்தில் மணி அடித்தது. பதில். அக்னெஸ் என்று கையெழுத்து, எங்கோ பனி விழுகிற நாட்டில் ஒரு கன்னியர் மடத்தில் அங்குள்ள சகோதரிகளுக்குப் பாட்டுத்தாள் அச்சடித்துக் கொடுக்கிறவராம். டெல்ஃபினின் ஆறு பத்திக்கு நாலு வரி. உங்கள் கோபம் புரிகிறது, உங்கள் எழுத்து அழகாக இருக்கிறது. ஆனால் எழுத்தைக் குற்றம் சொல்லுமுன் எழுத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். எல்லாப் புள்ளிக்கும் அடியில் ஒரே எழுத்தைப் போட்டு ஓடவிடுங்கள். இடைவெளிகள் மறைந்துபோனால் காரணம் எழுத்து, மறையாமல் எது நிற்கிறதோ அதற்குக் காரணம் வேறு. அவ்வளவுதான், சமாதானம் உண்டாவதாக. டெல்ஃபினுக்கு உச்சந்தலை கொதித்தது. எடுத்துவிட்டுப் பார்ப்பதா? மூவாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு எங்கள் எழுத்தை எடுத்துவிடச் சொல்கிறார், நயமாக, சமாதானம் வேறு. பதில் எழுத ஆரம்பித்தாள், சகோதரி அவர்களுக்கு, நான் எழுப்பியது ஒரு கொள்கைப் பிரச்சினை. நிறுத்தினாள். விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை க்ளக் என்கிறது, இத்தனை நேரம் அது கேட்கவில்லை. செய்து பார்த்துத் தோற்கடிப்போம், தரவோடு தோற்கடித்தால் இன்னும் நல்லது. இரண்டாம் வரியின் அசைகளை எல்லாம் அழித்தாள். எங், கள், ஞா, ன, மெல், லாம், ஒவ்வொன்றாகப் போயின. அந்த இடமெல்லாம் க. க க க க க க. புலம்பல் பாட்டு காக்காய்ப் பாட்டானது. ஓடவிட்டாள்.

முதலில் திருப்திதான் வந்தது. பாருங்கள் சகோதரி, நெரிசல் போய்விட்டது, ஆண்டவரே இறங்கி ஒழுங்காக வரிசையில் நிற்கிறார், மண்ணோடு மண் கூடிக்கொண்டது, எல்லாப் புள்ளியும் ஒரே தூரம், எழுத்துதான் காரணம், நான் சொன்னதுதான். ஒரே ஒரு இடம் தவிர. நாலாம் புள்ளிக்கும் ஐந்தாம் புள்ளிக்கும் நடுவே ஒரு ஓட்டை. எல்லாக் கதவும் சாத்தியிருக்கிற தெருவில் ஒரு வீட்டுக் கதவு மட்டும் ஆவென்று திறந்து கிடப்பதுபோல. க க க க, பிறகு வெள்ளை, பிறகு க க. மறுபடி ஓடவிட்டாள், கணினிக்கும் மறதி வரும். அதே வெள்ளை. விரலை வைத்துப் பார்த்தாள், ஆள்காட்டி விரல் சரியாக அதற்குள் அடங்கியது. நாலாம் புள்ளி எது? எங், கள், ஞா, ன. ஐந்தாவது மெல். எங்கள் ஞான, மூச்சு, மெல்லாம். மோரில் ஓர் ஈ விழுந்து நீந்திக்கொண்டிருந்தது, அதை எடுத்துப் போட வேண்டும் என்று நினைத்தாள், எடுக்கவில்லை. எழுதிக் கொடுத்த கட்டளைகளுக்குள் போனாள், நாலாம் சுரத்துக்கும் ஐந்தாம் சுரத்துக்கும் நடுவே தேடினாள், தேட வேண்டிய அவசியமே இல்லை, அங்கேயே இருந்தது, அவள் கையால் எழுதினது. கண்ணுக்குத் தெரியாத கோடு. தாளமில்லாத பாட்டில் தாளத்தைப் பிரித்துக் காட்டும் நடுக்கோடு கிடையாது, கோடு இல்லாவிட்டால் வரியை எங்கே உடைத்து அடுத்த வரிக்குப் போவது என்று மென்பொருளுக்குத் தெரியாது, வரி தாளைத் தாண்டி ஓடிப்போகும், அதனால் உடைய வேண்டிய இடத்தில் அச்சில் விழாத ஒரு கோட்டை வைத்துக் கொடுக்க வேண்டும். மாசி மாதம் முதல் படியெடுத்தபோது வரி ஓரத்தைத் தாண்டி ஓடியது, அவசரத்தில் கைக்கு வந்த இடத்தில் ஒன்றை வைத்தாள், பக்கத்தில் கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று இடமும் விடச் சொன்னாள். பிறகு தாளின் அளவை மாற்றினாள், வரி வேறு இடத்தில் உடைந்தது, அழகாக இருந்தது, இந்தக் கோடு எதற்கும் தேவைப்படாமல் சொல்லின் நட்ட நடுவில் அப்படியே கிடந்தது. கோடு தெரியாது. கோடு பிடித்து வைத்திருக்கும் இடம் தெரியும். மொழியும் இல்லை, கொம்பும் இல்லை, காலும் இல்லை, வெளிநாட்டுக்காரனும் இல்லை.

சரி, இடம் விட்டுப்போயிற்று, இடம் இருந்தால் மூச்சு வாங்க வேண்டுமென்று எந்தச் சட்டம்? வாதம் தானாக எழுந்து நின்றது, பழக்கம். எந்த ஊரிலும் இல்லாத சட்டம், இந்தக் கோயிலில் மட்டும் உண்டு. பழைய கையெழுத்துத் தாள்களை எழுதிய அண்ணாவி, அந்தக் காலத்துப் பாட்டு வாத்தியார், மூச்சுக்கென்று காற்புள்ளியோ கொக்கியோ போட்டதில்லை, மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் ஆள்காட்டி விரலைத் தாளில் வைத்து, விரலுக்கு அப்புறம் அடுத்த புள்ளியை வைப்பாராம். அவர் போய் இருபது வருஷமாகிறது, அவர் விரல் இன்னும் இருக்கிறது. விரல் விட்டிருந்தால் மூச்சு, விடாவிட்டால் கிடையாது, குழுவில் சேர்கிற யாருக்கும் முதல் நாளில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். சலேத் அக்காவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? டெல்ஃபின் கண்ணை மூடிக்கொண்டாள், மூடினால் இன்னும் நன்றாகத் தெரிந்தது, மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, மாதா பீடத்துக்குப் பக்கத்துப் பெஞ்சு, அக்காவின் விரலைப் பிடித்து, தண்ணீரில் ஊறி ஊறி நுனி வெளுத்துச் சுருங்கின விரல், அதைத் தாளின்மேல் வைத்து, "இந்தா, இவ்வளவு இடம் இருந்தா இங்க மூச்சு எடுக்கணும்க்கா, வேற குறியெல்லாம் தேடாதீங்க." நான்தான். மற்ற இருபத்தொன்பது பேரும் இந்த மெட்டைச் சின்ன வயதிலிருந்து கேட்டுப் பாடுகிறவர்கள், தாளைக் கையில் வைத்திருப்பது அலங்காரத்துக்கு, நானும் அப்படித்தான், நானே அடித்த தாளை நானே பார்த்துப் பாடியதில்லை. தாளை நம்பிப் பாடியது ஒரே ஒருத்தி. தாள் சொன்னதை அப்படியே செய்தது ஒரே ஒருத்தி. மூன்று தடவையும் தவறாமல் செய்தாள், மாஸ்டர் சிரித்த பிறகும் செய்தாள், அவளைத்தான் நெஞ்சு விறைத்தவள் என்று சொன்னார்கள், நான் எழுந்து நின்று ஆமாம், குளிரில் நின்றால் விறைக்கத்தானே செய்யும் என்று பீடம் அதிர ஒத்துப் பாடினேன். அந்தத் தாளின் அடியில் "கணினி வடிவம்: செல்வி டெல்ஃபின்" என்று போட்டிருக்கிறது. பங்குச் சாமியார் பூசையில் அதைத் தூக்கிக் காட்டி நம்ம பங்கின் மகள் என்றார், எல்லாரும் கை தட்டினார்கள், சலேத் அக்கா எல்லாரையும்விடக் கடைசிவரை தட்டினாள்.

வாட்ஸப்பைத் திறந்து மாஸ்டரின் செய்தியை மறுபடி படித்தாள். பிரிசில்லாவுக்குப் பாட வசதியாக இல்லை. நேற்று ஒத்திகைக்கு டெல்ஃபின் போகவில்லை, கோபத்தில் போகவில்லை. பிரிசில்லா சென்னையில் வளர்ந்தவள், அவளுக்கும் மெட்டு தெரியாது, ஆகவே அவளும் தாளைத்தான் பார்த்திருப்பாள், விரல் கணக்கை மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருப்பார், அவளும் எங்கள் ஞான என்று நின்றிருப்பாள். கோபம் வந்தது, நல்ல கோபம், சுத்தமான கோபம், அதற்காகக் காத்திருந்ததுபோல் டெல்ஃபின் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சலேத் நின்றால் நெஞ்சு, பிரிசில்லா நின்றால் தாள். ஒரே இடம், ஒரே நிறுத்தம். ஒருத்தியைப் பின்வரிசைக்கு அனுப்பினார், இன்னொருத்திக்காகத் தாளைத் திருத்தி அனுப்பச் சொன்னார். இதைச் சொன்னால் போதும், ஆறு மணிக்கு எழுந்து நின்று இதை ஒன்றை மட்டும் சொன்னால் போதும், அந்த மனுஷன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? வாக்கியங்கள் தானாகவே அடுக்கிக்கொண்டு வந்தன, மாஸ்டர், திங்கட்கிழமை நுரையீரலில் இருந்த குறை செவ்வாய்க்கிழமை தாளுக்கு எப்படி வந்தது? எதிரொலிகூடக் கேட்டது. கேட்டதும் நிறுத்தினாள். ஏனென்றால் அடுத்த கேள்வி அவர் கேட்பார், கேட்காமலிருக்க அவர் முட்டாள் இல்லை. தாள் யாருடையது? மாஸ்டர் தாளைப் பார்க்கவில்லை என்பது குற்றம், தாளில் ஓட்டை வைத்தது யார்? வேறொரு வழியும் இருக்கிறது. அந்தக் கோட்டை அழிக்க ஒரு விசை போதும். அழித்தாள். ஓடவிட்டாள். ஞானமெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்தது, எங்கே ஓட்டை இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நாற்பது பிரதி எடுத்துக்கொண்டு போய் நீட்டினால் மாஸ்டர் அழகாக இருக்கு என்பார், பிரிசில்லா நிறுத்தாமல் பாடுவாள், வெள்ளிக்கிழமை ஊரே அழும், பின்வரிசையில் மூச்சு குறைந்தவள் என்ற பெயரோடு ஒருத்தி நிற்பாள், அந்தப் பெயர் அவளோடு பஸ் ஏறிக் கம்பெனிக்கும் போகும், இன்னும் பத்து வருஷம் கழித்தும் ஒரு கல்யாணத்தில் யாராவது சொல்வார்கள், சலேத்துக்கு நல்ல குரல்தான், மூச்சுதான் பத்தாது. அப்போதும் டெல்ஃபின் எழுந்து உழைப்பின் மரியாதையைப் பற்றிப் பேசலாம். நாற்காலியிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள், ஈயை எடுத்துப் போட்டாள், அது செத்திருந்தது. மணி ஐந்து. கம்பெனி விட்டிருக்கும்.

மூன்றாவது மணியில் சலேத் அக்கா ஃபோனை எடுத்தாள். பின்னால் பஸ்ஸின் இரைச்சல், பெண்கள் சிரிக்கிற சத்தம், யாரோ டிக்கெட் டிக்கெட் என்றார்கள். "என்ன டெல்ஃபி?" டெல்ஃபின் சொன்னாள். ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை, வாழ்க்கையில் முதல்முறையாக நடுவிலிருந்து ஆரம்பித்தாள், கோடு என்றாள், தெரியாத கோடு என்றாள், எல்லா எழுத்தையும் க ஆக்கினேன் என்றாள், அக்காவுக்கு எதுவும் புரிந்திருக்காது என்று பட்டது, திரும்பவும் சொன்னாள், "அக்கா, உங்க மூச்சுல ஒண்ணும் இல்ல. நான் அடிச்ச பேப்பர்ல தப்பா ஒரு விரல் இடம் விட்டுட்டேன். நீங்க பேப்பர்ல உள்ளபடிதான் பாடினீங்க. பிரிசில்லாவும் அதே இடத்துல நின்னுருக்கா, அதுக்கு மாஸ்டர் பேப்பரத்தான் குத்தம் சொல்லுதாரு. மன்னிச்சிருங்கக்கா." அந்தப் பக்கம் பஸ் எங்கோ நின்றது, கதவு திறந்தது, மூடியது. "அக்கா?" என்றாள். "இருக்கேன்" என்றது குரல். பக்கத்தில் யாரோ யார்ட்டி ஃபோன்ல என்று கேட்டதற்கு, நம்ம பாட்டுக் குழுவுல உள்ள பிள்ள என்று பதில் சொன்னது கேட்டது. டெல்ஃபினுக்கு நாக்கு நுனிவரை வாக்கியங்கள் வந்து நின்றன, நான் மாஸ்டரிடம் தனியாகப் பேசுகிறேன் அக்கா, மெசேஜ் போட்டு விளக்குகிறேன், சாமியாரைப் பார்க்கிறேன், எல்லாம் நல்ல வாக்கியங்கள், ஒன்றையும் சொல்லவில்லை. பஸ் கிளம்பியது. சலேத் அக்கா மூச்சை இழுத்துவிட்ட சத்தம் ஃபோனுக்குள் நீளமாகக் கேட்டது, பிறகு, கோபமாகவும் இல்லாமல் இரக்கமாகவும் இல்லாமல், இறால் கூடையை எடுத்து வைக்கச் சொல்வதுபோல் சொன்னாள்: "இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? எனக்கு எம் மூச்சு எவ்வளவுன்னு தெரியும். ஆறு மணிக்கு எல்லாரும் அங்க இருப்பாவ, நானும் வாரேன். அன்னைக்கி என்னப் பத்திப் பேசினல்லா, அதே சத்தத்துல இன்னைக்கி உன்னப் பத்திப் பேசு."